ஆடாமல் நிற்க ஒரு பிராக்கெட் கிடையாதா?

ஃபிளாஷைக் கேமராவுக்கு மேலே தூக்கி நிறுத்தும் ஃபிளாஷ் பிராக்கெட்டுகளின் பெட்டிகள் மேல் 'எல்லாக் கேமராக்களுக்கும் பொருந்தும்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்களே, அந்த வரியை எழுதியவரை ஒரே ஒரு நாள் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியைப் படமெடுக்க அனுப்ப வேண்டும். கையில் கேமரா, அதன் அடியில் அவர் புகழ்ந்த பிராக்கெட், அதன் உச்சியில் ஃபிளாஷ். பொருத்தமாவது மண்ணாவது என்று அரை மணி நேரத்தில் அவரே கத்திவிடுவார்.

நான் கேட்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. கேமராவைக் குறுக்குவாக்கில் பிடித்தாலும் நெட்டுவாக்கில் திருப்பினாலும் ஃபிளாஷ் லென்ஸுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அவ்வளவுதான். கேமராவின் தலையிலுள்ள ஹாட் ஷூ என்ற பொருத்துமிடத்தில் செருகிய ஃபிளாஷ், கேமராவை நெட்டுவாக்கில் திருப்பியதுமே பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. ஆளின் காதோரமாகப் பின்சுவரில் ஒரு கரிய நிழல் அப்பிக்கொள்கிறது. ஃபிளாஷ் உயரத்தில் இருந்தால் அந்த நிழல் கீழே இறங்கி அவருடைய முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். லென்ஸின் அச்சிலிருந்து ஒளி விலகிப்போவதால், விழித்திரையில் பட்டு நேராகத் திரும்பிவந்து கண்ணில் தெரியும் சிவப்பும் குறையும். பிராக்கெட்டின் பயன் இவ்வளவே. ஒளியையே மென்மையாக்கிவிடும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். ஒளி வரும் பரப்பு அதே அளவில் இருக்கும்போது அது எப்படி மென்மையாகும்? மாறுவது ஃபிளாஷின் இடம் மட்டும்தான். ஒளியைக் கூரையில் பட்டுத் திரும்ப விட்டால் போதுமே என்று யோசனை சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி: கூரை கறுப்பாக இருந்தால்? கூரையே இல்லாவிட்டால்?

இந்த எளிய வேலையைச் செய்ய வந்த கருவி, முதலில் தன் காலிலேயே நிற்பதில்லை. கேமராவின் அடியில் இருப்பது ஒற்றைத் துளை. கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. ஐஎஸ்ஓ 1222 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. அதில் குறையில்லை. ஆனால் ஒற்றைத் திருகில் மாட்டிய எதுவும் அந்தத் திருகைச் சுற்றித் திரும்பத்தான் பார்க்கும். வீடியோ கேமராக்கள் பலவற்றில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழி உண்டு. தட்டிலுள்ள முளை அதில் அமர்ந்துகொண்டால் கேமரா அசையாது. ஸ்டில் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் குழி இல்லை. ஆகவே பிராக்கெட்டின் தட்டில், கேமராவின் முதுகை அணைத்துப் பிடிக்க ஒரு விளிம்பாவது வேண்டும். அதை வைக்கிறார்களா? ரப்பர் மெத்தை ஒட்டித் தருகிறார்கள்! ரப்பர் அமுங்குகிறது, அமுங்கியதும் திருகின் பிடி தளர்கிறது, தளர்ந்ததும் கேமரா சாய்கிறது. முறுக்கினால் மறுபடியும் அமுங்குகிறது. மேலே இருக்கும் ஃபிளாஷோ சுமார் 400 கிராம். நான்கு பேட்டரிகளையும் போட்டால் அரைக் கிலோவைத் தொடும். அரைக் கிலோவை ஒரு நீண்ட கையின் நுனியில் நிறுத்தினால் அது நெம்புகோலாக வேலை செய்யும் என்பது பள்ளிப் பாடம். வடிவமைத்தவர் அந்த வகுப்புக்கு விடுமுறை எடுத்திருக்கிறார்.

சரி, திருகை வெறியோடு முறுக்கி ஒரு வழியாக நிலைநிறுத்தினோம் என்று வையுங்கள். அப்போதுதான் பேட்டரி தீரும். பேட்டரிக் கதவு எங்கே இருக்கிறது? தட்டுக்கு அடியில். சிறிய கேமராக்களில் மெமரி கார்டும் அதே கதவுக்குள்தான். பிராக்கெட்டைக் கழற்று, கதவைத் திற, மாற்று, மூடு, மறுபடி முறுக்கு. இதற்குள் கேக் வெட்டி, ஊட்டி, கை கழுவியும் முடித்துவிடுகிறார்கள்.

பிறகு அந்தக் கீல். கேமராவைத் திருப்பும்போது ஃபிளாஷ் தாங்கும் கையை மடக்கி மேலே கொண்டுவருவது ஒரு வகை. ஃபிளாஷை அப்படியே நிறுத்திவிட்டுக் கேமராவை மட்டும் சுழற்றுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் அறிவுள்ள வகை. ஆனால் கனமும் விலையும் கூடுதல். கடைகளில் குவிந்துகிடப்பது முதல் வகை, அதிலும் பிளாஸ்டிக் கீல். புதிதில் 'டக்' என்று பிடித்து நிற்கும். பழகப் பழக அந்த 'டக்' காணாமல் போகும். அதன்பின் ஃபிளாஷ், கூட்டத்தில் தூங்கி வழிபவரின் தலையைப் போல ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனியும். முகத்தில் விழவேண்டிய ஒளி சட்டைப் பொத்தானில் விழும். அதைச் சரிசெய்ய ஒரு மாற்றுக் கீல் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். புதிய பிராக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள்.

கேபிள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். ஃபிளாஷ் கேமராவை விட்டு விலகினால், டிடிஎல் அளவீட்டுக்கு, அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து கேமராவே ஃபிளாஷின் அளவைத் தீர்மானிப்பதற்கு, சுருள் கேபிள் வேண்டும். ஷூவின் நடுவிலுள்ள ஒரு மின்தொடர்புப் புள்ளிதான் பெரும்பாலும் பொது. மற்றவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்திருக்கிறது. சோனி 2012இல் தன்னுடைய ஷூவையே மாற்றியது. கேமராவை மாற்றினால் கேபிளும் குப்பைக்கு. இத்தனைக்கும் மேல் சில பிராக்கெட்டுகளின் உச்சியில் வெறும் உலோக ஷூவை வைக்கிறார்கள். ஃபிளாஷின் அடியிலுள்ள ஊசிகள் உலோகத்தில் பட்டால் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டுவிடும் என்பது இவர்களுக்குத் தெரியாதா? ரேடியோ ரிசீவர் உள்ளே இருக்கும் ஃபிளாஷை அதில் நேரடியாகச் செருகினால், அது தானாக வெட்டும், அல்லது வெட்டவேண்டிய நேரத்தில் மௌனம் சாதிக்கும். ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் தீர்கிற இந்தப் பிரச்சினையைத் தயாரிப்பவர் தீர்க்க மாட்டார். வாங்கியவர்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் கையில் பிடித்து எடுக்கும்போது. டிரைபாடில் ஏற்றினால்தான் கொடுமையின் முழு உருவம் தெரியும். டிரைபாட் தலை, அதன்மேல் அதன் தட்டு, அதன்மேல் பிராக்கெட், அதன்மேல் கேமரா. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை திருகு, எத்தனை ஆட்டம்! இதில் நெட்டுவாக்குப் படம் வேண்டுமென்றால், பந்துபோல் சுழலும் டிரைபாட் தலையை அதன் பக்கவாட்டுப் பள்ளத்துக்குள் சாய்க்க வேண்டும். சாய்த்தால் பிராக்கெட்டும் சேர்ந்து சாய்கிறது. ஃபிளாஷ் எங்கே போகிறது? பக்கவாட்டுக்கு! எந்த நிழலிலிருந்து தப்பிக்க இந்த இரும்பை வாங்கினோமோ, அதே நிழல். எடை முழுவதும் ஒரு பக்கம் தொங்குவதால் திருகு தானாகக் கழன்று கேமரா மூக்கைக் கவிழ்த்துக்கொள்கிறது. கேமராவின் அடியையும் பக்கத்தையும் அணைக்கும் எல் வடிவத் தட்டு போட்டால் கேமரா நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் பிராக்கெட்டை எங்கே மாட்டுவது? டிரைபாட் தலையின் பிடியில் செருகி இறுக்கும் ஆர்க்கா வகைத் தட்டுகள், சுமார் 38 மில்லிமீட்டர் அகலத்தில், எங்கும் பரவிவிட்டன. பரவியதே தவிர, அதற்கென்று முறையாக வகுத்த பொதுத் தரம் எதுவும் இல்லை. ஒருவருடைய தட்டு இன்னொருவருடைய நெம்புப் பிடியில் தளர்ந்து வழுக்குகிறது. திருகுப் பிடியாக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

இவ்வளவையும் சொன்னால் உடனே ஒருவர் வந்து, 'ஃபிளாஷைத் தொலைவிலிருந்தே கம்பியில்லாமல் இயக்கும் ரேடியோ டிரிக்கர் வந்த பிறகு யார் பிராக்கெட் வைத்துக்கொள்கிறார்கள்? ஸ்டாண்டில் ஃபிளாஷை நிறுத்துங்கள்' என்பார். ஐயா, நெரிசலான கூட்டத்தில் ஸ்டாண்டின் மூன்று கால்களையும் எங்கே விரிப்பது? ஓடிவரும் குழந்தை அதில் இடறினால் யார் பொறுப்பு? நான் நகரும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர உதவியாளர் யார்? நடந்துகொண்டே எடுப்பவனுக்குப் பிராக்கெட்தான் வேண்டும். அந்தக் கீலில் மட்டும் உலோகப் பற்கள் வைத்துக் கொடுங்கள். கூடும் எடையை என் மணிக்கட்டு பார்த்துக்கொள்ளும்.