அந்த ஒரு மணி நேரம் யாரும் போட்ட பிச்சை இல்லை

மூன்று நாட்களாக எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவை நீங்களும் படித்திருப்பீர்கள் என்பதால் அதை இங்கே மறுபடி ஒட்டப் போவதில்லை. யார் எழுதியது, எந்தப் பள்ளி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழைக் காட்டி, பத்தாம் வகுப்புத் தேர்வை ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெற்று எழுதிய ஒரு பையன் தம் மகளைவிட நான்கு மதிப்பெண் அதிகம் வாங்கிவிட்டான் என்பதற்காக, ‘ஒரு சான்றிதழை வாங்கி நீட்டினால் யார் வேண்டுமானாலும் முதல் மாணவன் ஆகலாம்’ என்று ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டியவர்களில் என் சொந்தக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். இல்லையென்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன், அலுத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்: அந்த ஒரு மணி நேரம் மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுப்பதற்காகத் தரப்படுவதில்லை. தெரிந்த விடையைத் தாளில் இறக்கி வைக்கச் சில பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் பிடிக்கிறது, அதற்காகத் தரப்படுகிறது. விடை தெரியாதவனுக்கு ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் முழுக்கக் கொடுத்தாலும் அவன் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

‘சான்றிதழை வாங்கி நீட்டினால்’ என்று எழுதியவர், அது எங்கே விற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும். நாங்கள் விசாரித்த வரையில் அது கடைகளில் கிடைக்கவில்லை. என் மகனுக்குச் சான்றிதழ் எடுத்தபோது நடப்பில் இருந்தவை மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் (2024இல் அவற்றுக்குப் பதில் புதியவை வந்துவிட்டன). அவற்றின்படி, கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன்னால் சான்றிதழே கிடையாது. முதலில் குழந்தைநல மருத்துவர் கண்ணையும் காதையும் சோதித்து, கோளாறு அங்கே இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை நடத்துவார். அதில் 85க்கு மேல் வந்தால்தான் அடுத்த கட்டம். பிள்ளையின் அறிவில் குறைவில்லை என்று நிரூபித்த பிறகுதான் இந்தச் சான்றிதழுக்கான கதவே திறக்கிறது என்பதை, ‘மக்குப் பிள்ளைகளுக்கான குறுக்கு வழி’ என்று பின்னூட்டமிட்ட அம்மையார் இரண்டு முறை படித்துக்கொள்ளலாம். அதற்கும் பிறகு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் வகுத்த சோதனைகளை வைத்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். பதினான்கு வயதில் மறுபடியும் ஒருமுறை, பதினெட்டில் இன்னொரு முறை. நெறிமுறையில் எழுதப்படாத பகுதி ஒன்றும் உண்டு: உளவியலாளர் இருக்கும் நாளில் சான்றிதழ் தரும் மருத்துவக் குழு கூடுவதில்லை, குழு கூடும் நாளில் கோப்பு கிடைக்காது. தனியாரிடம் போனால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அந்த அறிக்கையை அரசுத் தரப்பில் ஏற்றுக்கொள்வார்களா என்பது தனிக் கவலை.

என் மகனின் மூன்றாம் வகுப்புத் தமிழ் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோழியைக் ‘கேழி’ என்றும் பொம்மையைப் ‘பெம்மை’ என்றும் எழுதியிருப்பான். கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், கால் பின்னால் வரும், வாயிலிருந்து வரும் ஒலியோ ஒன்றே ஒன்று. மற்ற பிள்ளைகள் தமக்கே தெரியாமல் தாண்டிப் போய்விடும் இந்த இடத்தில் அவன் ஒவ்வொரு முறையும் நின்று, யோசித்து, கொம்பைப் போட்டு, எழுத்தைப் போட்டு, காலை விட்டுவிடுவான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘கவனம் தேவை’ என்று ஆசிரியரின் குறிப்பு இருக்கும். அதே பையனிடம் பத்தாம் வகுப்பில், வீட்டு விளக்குகளை ஏன் பக்க இணைப்பில் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், தொடரிணைப்பில் ஒரு விளக்கு அணைந்தால் மற்றவற்றுக்கு என்ன ஆகும் என்பதில் தொடங்கி, எங்கள் வீட்டு ஃபியூஸ் கேரியர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவான். எழுதச் சொன்னால் இரண்டு வரிதான் வரும், அதிலும் ஒன்று அடிக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு வரிதான் அவன் அறிவு என்று தீர்மானிப்பது நியாயமா என்பதைக் கேட்கத்தான் இத்தனை வரிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

‘கூடுதல் நேரம் கொடுத்தால் என் மகளும்தான் அதிகம் வாங்கியிருப்பாள்’ என்பது அந்தத் தகப்பனாருடைய வாதத்தின் முதுகெலும்பு. இதற்கு வழக்கமாகச் சொல்லும் மூக்குக்கண்ணாடி உதாரணத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது, அதை விட்டுவிடுகிறேன். ஐயா, உங்கள் மகள் அரை மணி நேரம் முன்னதாகவே எழுதி முடித்துவிட்டு விடைத்தாளை முழுவதுமாகச் சரிபார்த்தாள் என்று தேர்வு நடந்த வாரத்தில் நீங்களே பெருமையாக எழுதியிருந்தீர்கள். மிச்சமிருந்த அந்த அரை மணி நேரத்தில் வராத மதிப்பெண் இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கிருந்து வந்திருக்கும்? மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் என்பது மத்திய அரசின் நெறிமுறை. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கு அப்படி வந்ததே தவிர, நாங்கள் வீட்டில் உட்கார்ந்து போட்டுக்கொண்டதில்லை. சொல்வதை எழுதுபவரையும் நாங்கள் கூட்டிக்கொண்டு வருவதில்லை, தேர்வுத் துறைதான் நியமிக்கிறது.

அந்த ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதும் ஏட்டில் இருக்கிறது. எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு 2021 நீட் தேர்வில், உரிய சான்றிதழ் இருந்தும், தேர்வு மையம் கூடுதல் நேரத்தைக் கொடுக்காமல் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டது. அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போனாள். அவளுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிட மறுத்துவிட்டு, இதை எப்படிச் சரிசெய்வது என்று நீட்டை நடத்திய தேர்வு முகமையையே யோசிக்கச் சொன்னது. வென்ற பிறகும் நிலைமை அதுதான். அவளைப் போய் ‘வாங்கி நீட்டியவள்’ என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் இல்லை. என் மகனுக்குக் கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஹெச்டியும் உண்டு. எழுத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே போகும் வண்டியின் சத்தத்தோடு மனம் போய்விடுவதற்கு எந்தக் காகிதமும் இல்லை. அதற்கான மாத்திரை எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. கிடைக்கும் கடையிலும் மருந்துச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பையனுக்கா?’ என்று மற்றவர்கள் காதில் விழும்படி கேட்பார்கள். தோழி ஒருத்தியின் மகளுக்கு ஆட்டிசம். நன்றாகப் பேசுவாள், நன்றாகப் படிப்பாள். ஆட்டிசத்தை அளக்க இங்கே பயன்படும் அளவுகோலில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், மொத்தம் 70ஐத் தொடாவிட்டால் ஆட்டிசம் இல்லை. பள்ளி மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்குள் போய் நின்றுவிடும் அந்தப் பெண், மருத்துவரின் அறையில் கேட்டதற்கெல்லாம் கண்ணைப் பார்த்து அழகாகப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முடிந்தது. சான்றிதழ் எளிதில் கிடைக்கிறது என்பவர்கள் அவளுக்கு ஒன்று வாங்கித் தரட்டும்.

போலிச் சான்றிதழ்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கலாம். சாதிச் சான்றிதழிலும் வருமானச் சான்றிதழிலும் இருக்கிறதே, இதில் மட்டும் இல்லாமலா போகும்? போலியைக் கண்டுபிடித்தால் தண்டியுங்கள். அதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

எனக்கு ஆற மாட்டாதது வேறொன்று: ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?’ என்ற கேள்வி. இதைக் கேட்டவர் என் சித்தப்பா என்பதால் அவருக்கு நேராகவே பதில் சொல்கிறேன். உங்கள் காலத்திலும் இருந்தது, சித்தப்பா. நம் வீட்டிலேயே இருந்தது. என் அண்ணனை எட்டாம் வகுப்பில் வெளியே நிறுத்தி நிறுத்தி, கடைசியில் ‘படிப்பு ஏறாத பையன்’ என்று கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொண்டுபோய் விட்டது நீங்கள்தான். மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகைச் சொல்லிவிடுகிற அந்த மனிதர், இன்றைக்கும் செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டை நிரப்பப் பக்கத்தில் ஆள் தேடுகிறார். அவர் தொழில் சொல்லிக்கொடுத்த பையன் ஃபோர்மேன் ஆனான், ஏனென்றால் அவனுக்கு எழுத வரும். அண்ணனுக்கு என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அடிக்க மட்டும் தோன்றியது. ‘அவன் நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று நீங்கள் சொல்வதை அவர் ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை.

கைப்பேசி கொடுத்துக் கெடுத்தது, அம்மா வேலைக்குப் போவது, செல்லம் கொடுத்தது என்றெல்லாம் வந்த பதில்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அப்பாவும்தான் வேலைக்குப் போகிறார், அவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். ‘நாளைக்கு வேலையில் யார் கூடுதல் நேரம் கொடுப்பார்கள்?’ என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை: எந்த அலுவலகத்தில் மூன்று மணி நேரம் பேனாவால் எழுதவைத்துச் சம்பளம் போடுகிறார்கள் என்று சொல்லுங்கள், என் மகனை அங்கே அனுப்பாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு அவனுக்குப் பதினெட்டு நிறைகிறது. பதினான்கு வயதில் கொடுத்த சான்றிதழ் இனிச் செல்லாது. கண், காது, நுண்ணறிவு, வாசிப்பு, எழுத்து என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அடுத்த மாதம் மருத்துவக் குழு கூடும் நாளில் போகிறோம். சான்றிதழ் எப்படி ‘வாங்கப்படுகிறது’ என்று பார்க்க விரும்பும் அந்தத் தகப்பனாரும், அவருக்குக் கைதட்டிய என் சொந்தங்களும் தாராளமாக உடன் வரலாம். காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், தாமதித்தால் டோக்கன் தீர்ந்துவிடும். தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவாருங்கள். உட்கார இடம் கிடைக்காது.