லைஃப்டைம் ஆயில் என்றால் மாற்றவே வேண்டாமா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் 'லைஃப்டைம்', மாற்றவே தேவையில்லை என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை அண்ணே. சூட்டில் ஆயில் நாளடைவில் கெடும். கிளட்ச் தேய்ந்த தூள் அதிலேயே மிதந்து வால்வு பாடியில் (ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் பகுதி) போய் அடைக்கும். அப்புறம் கியர் விழத் தாமதமாகும், வண்டி உதறும். கியர்பாக்ஸ் செய்கிற ஜெட்எஃப் (ZF) நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அதிகபட்சம் 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது.

உங்கள் வண்டி மேனுவலில் 'கடுமையான ஓட்டம்' அட்டவணையைப் பாருங்கள். சித்திரை வெயிலில் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஏசி போட்டு ஊர்வதும் அந்தக் கணக்குதான். சர்வீஸில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடச் சொல்லுங்கள். ஆயில் கறுத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தால் ஏற்கெனவே தாமதம். பழைய ஆயிலை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வரும், மீதி பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) நிற்கும். (ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வண்டி, வேறு கதை, அதில் சாதாரண கியர் ஆயில்தான்.)