தராசுக் கணக்கு, கைக் கணக்கு

நீலகிரியில், கேத்தியில் உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் மருந்து அடிக்கிற நாள் வந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மேன்கோசெப் என்கிற பூஞ்சைக்கொல்லித் தூள். 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். அவ்வளவுதான் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா மகன், "மாமா, ரெண்டு கை போட்டாப் போதுமா?" என்கிறான். சரி என்று அவன் அள்ளியதைத் தராசில் வைத்தேன். ஒரு கையே 40 கிராம்! மிச்ச விஷம் மண்ணுக்கும் ஓடைக்கும்தானே போகும்?

நிலத்திலும் இதே கதை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது, 5 சென்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவருக்கே தெரியவில்லை. பத்து வருஷம் கணக்குப் படித்த பிள்ளை கையில் ஒரு நாளாவது தராசையும் டேப்பையும் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாதா?