எத்தனை கிலோ, எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டுவிட்டு ஃபுட்டர் வாங்குங்கள்

அதிர்வு ஏறாமலிருக்க ஆடியோ கருவிகளுக்கு அடியில் எந்த ஃபுட்டர் (கால் போல வைக்கும் தாங்கி), எந்த பிளாட்ஃபார்ம் (மேடை) வைக்கலாம் என்ற பேச்சு எடுத்தாலே எல்லோரும் பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பித்தளையா, கிரானைட்டா, சோர்போதேன் என்ற ரப்பர் போன்ற பொருளா? அந்தக் கேள்வி அப்புறம் வரட்டும். முதலில் இது எத்தனை கிலோ தாங்கும், அந்த எடை ஏறிய பிறகு இதன் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) எவ்வளவு என்று கேளுங்கள். இந்த இரண்டையும் சொல்லாமல் பளபளப்பை மட்டும் காட்டி விற்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

கருவியைத் தாங்கும் மென்மையான எதுவும் ஒரு ஸ்பிரிங்தான். தன் இயல்பு அதிர்வெண்ணைவிடச் சுமார் 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வுகளை மட்டுமே அது குறைக்கும். இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி வருவதைக் குறைக்காது, பெருக்கி மேலே அனுப்பும். கருவியை வைத்ததும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தாலே கணக்கு கிடைத்துவிடும். 1 மி.மீ. அமுங்கினால் ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. என்றால் 8, 10 மி.மீ. என்றால் 5. ரப்பர் வகைகளுக்கு இதைவிடக் கூடவே வரும். அதிக எடைக்கான ஃபுட்டரை லேசான கருவிக்கு அடியில் வைத்தால் அது அமுங்கவே அமுங்காது. வெறும் கட்டைதான்.

இசைத்தட்டை ஓட்டும் டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜும் அதைப் பிடித்திருக்கும் கையான டோன்ஆர்மும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஒத்ததிரும்படிதான் பொதுவாகப் பொருத்துகிறோம். அடியில் 10 ஹெர்ட்ஸில் ஆடும் ரப்பரைக் கொண்டுபோய் வைத்தால், டோன்ஆர்ம் தாங்க முடியாத அதே இடத்தில் அதிர்வைக் கூட்டிக் கொடுக்கிறோம். 5 ஹெர்ட்ஸோ அதற்குக் கீழோ இறங்கும் ஸ்பிரிங்தான் இங்கே உதவும்.

பக்கத்தில் யாராவது நடந்தால் ஊசி குதிக்கிறது என்பவர்களுக்கு அதுவும் போதாது. நாம் நடப்பது விநாடிக்கு சுமார் 2 காலடி, அதாவது 2 ஹெர்ட்ஸ். அதைத் தடுக்கச் சாதாரண ஸ்பிரிங் 12 செ.மீ.க்கு மேல் அமுங்க வேண்டும். எந்த ஃபுட்டர் அப்படி அமுங்கும்? ஆய்வுக்கூடங்களில் நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கும் விலையுயர்ந்த மேடைகளால் அந்த அதிர்வைத் தடுக்க முடியும். மற்றவர்களுக்கு, கனமான சுவரில் அடித்த ஓர் அலமாரி பெரும்பாலும் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும்.

1961-இல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏ.ஆர். (அகூஸ்டிக் ரிசர்ச்) நிறுவனத்தின் டர்ன்டேபிளில் சுழலும் தட்டும் டோன்ஆர்மும் ஒரே சட்டத்தில் இருந்தன. அந்தச் சட்டம் ஸ்பிரிங்குகளில் மிதந்தது. இன்றைக்கும் பல டர்ன்டேபிள்கள் அந்த வழியில்தான் வருகின்றன. உங்களுடையது அந்த வகை என்றால் அடியில் இன்னொரு மென்மையான மேடை வேண்டாம். ஸ்பிரிங் மேல் ஸ்பிரிங் ஏறினால் ஒன்றையொன்று ஆட்டிவைக்கும். ஆடாத, விறைப்பான மேசை போதும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் வால்வை (கண்ணாடிக் குழாயை) மெல்லத் தட்டினால் சில சமயம் ஸ்பீக்கரில் கேட்கும், அதனால் அங்கே ஃபுட்டருக்கு வேலை உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கும், டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் டிஏசிக்கும் அடியில் பணத்தைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஸ்பீக்கருக்கு வருவோம். ஸ்பைக் (அடியில் திருகும் கூரான உலோகக் கால்) அதிர்வைத் தடுக்காது, ஸ்பீக்கர் ஆடாமல் நிற்க உதவும். அவ்வளவுதான். பலகைத் தரையில் ஸ்பைக்கை எடுத்துவிட்டு எடைக்கு ஏற்ற மென்மையான ஃபுட்டரை வைத்தால், தரை கூடவே முழங்குவது குறைந்து பாஸ் (தாழ்ந்த ஒலி) தெளியும். கான்கிரீட் தரையில் அந்த அளவுக்கு வித்தியாசம் இருக்காது.

எடை நான்கு மூலைக்கும் ஒரே மாதிரி இறங்காது. ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம் அதிகம் அழுத்தும். அதைப் பார்த்து அந்தப் பக்கம் கடினமான ஸ்பிரிங்கைப் போடுங்கள், இல்லாவிட்டால் கருவி சாய்ந்தே நிற்கும்.

ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக வரும் அதிர்வை எந்த ஃபுட்டரும் நிறுத்தாது. அறை மூலையில் பாஸ் குவியும், டர்ன்டேபிளை அங்கிருந்து நகர்த்துவதற்குச் செலவும் இல்லை.

வாங்கியதைச் சோதிக்க, ஓடாத இசைத்தட்டில் ஊசியை இறக்குங்கள். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மேசையை விரல் முட்டியால் தட்டுங்கள். ஃபுட்டர் இல்லாமல் ஒருமுறை, வைத்து ஒருமுறை, இரண்டையும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.