தாஜ்மகாலுக்குள் போகாமல் திரும்பி வந்தவள் சொல்கிறேன்

போன கிழமை டொரொன்டோவிலிருந்து மச்சாள் குடும்பம் வந்து இறங்கியது. வந்த இரவே, இடியப்பமும் சொதியும் இன்னும் தட்டில் இருக்க, போனை எடுத்து ஒரு பட்டியலைக் காட்டினாள். கொழும்பில் பதினான்கு இடங்கள், இரண்டு நாள். காலிமுகத்திடல், கங்காராமை, சீமா மாலகம், சிவப்புப் பள்ளிவாசல், சுதந்திர சதுக்கம், தாமரைக் கோபுரம் என்று போகிறது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம் வேறு போட்டு வைத்திருக்கிறாள். சிலதுக்கு இருபது நிமிடம். "காணும் தானே?" என்று கேட்டாள். படம் எடுக்கக் காணும் என்றேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடுவதை எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், நேரம் இல்லாதவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுப் போங்கோ.

"உலகத்தில் கட்டாயம் பார்க்கவேண்டிய இடங்கள்" என்று வருகிற பட்டியல்கள் எதுவும் நம்மை நினைத்து எழுதப்பட்டவை இல்லை. எழுதுகிறவர் பெரும்பாலும் பாஸ்போட்டைக் காட்டிவிட்டு நேரே உள்ளே போகிற நாட்டுக்காரர், வெள்ளி பின்னேரம் பாரிசுக்குப் போய் ஞாயிறு இரவு வீடு திரும்புகிற ஆள். நமக்கு பாரிஸ் என்றால் முதலில் ஷெங்கன் விசா, அதற்கு பாங்க் ஸ்டேட்மென்ட், வேலை செய்யும் இடத்துக் கடிதம், ஹோட்டல் பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் அடுக்கிக் கொடுத்துவிட்டு, தருவார்களா மாட்டார்களா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360ஐத் தொட்டபோது நான் பயணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த காசு ஏறக்குறைய பாதியானது. இப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு ஐம்பது இடப் பட்டியலில் டிக் போடுவது என்ன நியாயம்? வாழ்நாளில் நாலோ ஐந்தோ பயணம்தான் கிடைக்கும். கிடைக்கிற இடத்தை வடிவாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் கட்சி.

(இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் ஊரில் "வடிவு" அழகும்தான், ஆனால் "வடிவாகப் பார்" என்றால் நன்றாக, கவனமாகப் பார் என்று அர்த்தம்.)

சரி, தாஜ்மகால் கதைக்கு வருகிறேன். 2017இல் அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் டெல்லி-ஆக்ரா-ஜெய்ப்பூர் போனோம். டிக்கெட், ஹோட்டல், வாகனம் எல்லாம் இங்கே ஒரு டிரவல் ஏஜென்ட் போட்டுத் தந்தது. பெயர் சொல்லவில்லை, நல்ல மனுஷன்தான், ஆனால் தாஜ்மகாலுக்கு அந்த மனுஷன் ஒதுக்கிய நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியிருக்கும், வளாகத்துக்குள் இருக்கிற பள்ளிவாசலுக்கு ஜும்மாத் தொழுகைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் திறப்பார்கள். எனக்கும் தெரியாது, நானும் பார்க்கவில்லை, பிழை எனக்கும் உண்டு. ஆக்ராவில் வந்து இறங்கிய பிறகு வாகனச் சாரதி சொல்லித்தான் தெரியும். அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு ஜெய்ப்பூர் புறப்பாடு. அம்மா அழாத குறை.

சாரதிதான் யமுனைக்கு அந்தக் கரைக்குக் கொண்டுபோனார். மெஹ்தாப் பாக் என்று ஒரு தோட்டம், நிலவுத் தோட்டம் என்று அர்த்தம். தாஜ்மகாலுக்கு நேர் எதிரே, அதே கோட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம். வெள்ளம் வந்து வந்து வண்டல் மூடிக் கிடந்த இடத்தை 1990களில் தோண்டியபோது எட்டுக்கோணத்தில் ஒரு பெரிய தடாகம் வெளிப்பட்டது, தாஜ்மகாலின் நிழல் விழுகிற மாதிரி கட்டினது. ஷாஜகான் தனக்கென்று கறுப்புத் தாஜ் ஒன்று அங்கே கட்டத் தொடங்கினான் என்று ஒரு பழைய கதை இருக்கிறதே, அதற்குத் தோண்டின இடத்தில் சாட்சி எதுவும் கிடைக்கவில்லை. கறுப்புப் பளிங்கு என்று நினைத்தது நிறம் மாறிப்போன வெள்ளைக் கல்லாம். ஆக, அந்தத் தோட்டமே தூர நின்று பார்ப்பதற்கென்று போட்டதுதான் என்று எனக்குப் படுகிறது. மும்தாஜ் இறந்தது 1631, வேலை தொடங்கியது அடுத்த வருடம், வளாகம் முழுவதும் முடிய இருபது வருடத்துக்கு மேல் போனது. இத்தனை பாடுபட்டவன் எங்கே இருந்து பார்ப்பது என்றும் யோசித்திருப்பான் தானே.

மூன்று மணித்தியாலம் இருந்தோம். முன்னால் முள்ளுக்கம்பி வேலி, அதற்கு அப்பால் மெலிந்துபோன யமுனை, நாலைந்து எருமைகள். ஆற்று நாற்றம் காற்றோடு வந்து வந்து போனது. மூன்று மணிக்குப் பளிங்கு கண்ணைக் கூசியது, நாலரைக்குப் பாலாடை நிறம், வெயில் இறங்க இறங்க ஒரு பக்கம் லேசாகச் சிவந்து மற்றப் பக்கம் சாம்பலாகப் போய், ஒரே கட்டடம் இரண்டு கட்டடம் மாதிரி நின்றது. பெரியம்மா முறுக்குப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னா, "பிள்ளை, உள்ளுக்க போய் என்ன, அது கல்லறை தானே. இஞ்சை இருந்து பாக்க நல்லாத்தான் இருக்கு." அம்மாவும் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு வரைக்கும் தாஜ்மகாலுக்குள் நான் போகவில்லை. ஆனால் உள்ளே போய் வந்தவர்களிடம் அதன் நிறம் என்ன என்று கேட்டால் வெள்ளை என்றுதான் சொல்கிறார்கள். போகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: டிக்கெட் கவுன்டரில் பாஸ்போட்டைக் காட்டுங்கோ, சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரருக்குக் கட்டணம் மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. வெள்ளிக்கிழமை போகாதேயுங்கோ என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கம்போடியாவின் அங்கோர் வாட், 2019. இதில் எனக்கு அதிர்ஷ்டம், கூட வந்த இரண்டு ஒபிஸ் பிள்ளைகளும் அவசரப்படுகிற ரகம் இல்லை. ஒரு நாள் டிக்கெட் 37 டொலர், மூன்று நாள் டிக்கெட் 62. மூன்று நாளையும் அடுத்தடுத்துப் பாவிக்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆகவே கணக்குப் பார்த்தால் ஆறுதலாகப் பார்க்கிறவனுக்குத்தான் லாபம். கோயில் மேற்குப் பார்த்தது, அதனால் சூரியன் அதற்குப் பின்னால் எழும்பும், அந்தப் படத்துக்காக விடிய முன்னமே ஒரு ஊர்ச் சனம் குளத்தடியில் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சூரியன் வந்து பத்து நிமிடத்தில் அவ்வளவு பேரும் காலைச் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டார்கள். நாங்கள் பாணும் வாழைப்பழமும் கொண்டுபோயிருந்தோம். உள்ளே கிழக்குப் பிராகாரத்தில் எங்களைத் தவிர ஒரு கூட்டுகிற அம்மா மட்டும்.

அங்கேதான் பாற்கடல் கடைகிற சிற்பம். ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், 92 அசுரர், 88 தேவர், நடுவில் விஷ்ணு, கீழே ஆமை, இழுபடுகிற கயிறு வாசுகி. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ஆனால் கீழ் வரிசையில் மீன்களையும் முதலைகளையும் பாருங்கோ. ஓரத்தில் இருக்கிறவை முழுசாக நீந்துகின்றன, மத்துக்குக் கிட்டப் போகப் போக நெருக்கியடித்துச் சுழன்று, நடுவில் துண்டு துண்டாக அறுந்து கிடக்கின்றன. கடைகிற வேகத்தில் கடல் பட்ட பாட்டை அந்தச் சிற்பி மீனில் காட்டியிருக்கிறான்! கதை சொன்ன நம் ஊர்ப் பெரியவர் யாரும் மீனுக்கு என்ன ஆனது என்று எனக்குச் சொன்னதில்லை. இன்னொன்று, அந்தப் பிராகாரச் சிற்பங்களின் வரிசை இடம் வருகிற முறையில் போகிறது. கோயில் பழக்கத்தில் வலமாகச் சுற்றினால் கதைகள் பின்னிருந்து முன்னாக வரும். அது எனக்குப் பாதிச் சுற்றில்தான் விளங்கி, திரும்பி நடந்தேன். கால் போனது போனதுதான்.

பாரிசில் இருக்கிற லூவர் நூதனசாலை பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, மச்சாள் போயிருக்கிறாள். அவள் எடுத்த மோனலிசா படத்தில் முப்பது போனும் நாற்பது தலையும் தெரிகிறது, நடுவில் தபால் முத்திரை அளவில் அந்தப் பெண். ஓவியமே 77க்கு 53 சென்டிமீட்டர்தான். அதே அறையில், அதற்கு நேர் எதிர்ச் சுவரில், லூவரிலேயே ஆகப் பெரிய ஓவியம் தொங்குகிறது, வெரோனேசே வரைந்த கானா ஊர்க் கல்யாண விருந்து, பத்து மீட்டருக்குக் கிட்ட அகலம். பார்த்தாயா என்று கேட்டேன். "அப்படி ஒன்று இருந்ததா?" என்கிறாள். அத்தனை சனமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

பெரு நாட்டு மாச்சு பிச்சுவில் நேரம் குறித்த டிக்கெட், குறித்த பாதையில் மட்டும் நடக்கலாம். வெனிஸ் 2024இலிருந்து ஒரு நாளுக்கு வந்துபோகிறவர்களிடம் நெரிசல் நாட்களில் காசு வாங்குகிறது. பட்டியல்கள் செய்த வேலை இது. எல்லாரும் ஒரே இடத்துக்கு ஒரே மணிக்குப் போனால் ஊர்க்காரன் என்ன செய்வான்.

பழைய காலத்து உல்லாசப் பயணிகளைப் பார்க்க ஆசையென்றால் சீகிரியாக் கண்ணாடிச் சுவருக்கு (கண்ணாடி போல் மின்னப் பூசின சுவர்) போங்கோ. ஆயிரம் வருடத்துக்கு முந்தி மலையேறி வந்தவர்கள் ஓவியப் பெண்களைப் பார்த்துக் கிறங்கிப்போய் அதில் பாட்டுக் கீறிவைத்தார்கள். தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685 பாட்டுகளை வாசித்தெடுத்தார். இப்போது ஏறுகிறவர்கள் கீறினால் பிடித்து உள்ளே போடுவார்கள், நல்லதுதான், நம் ஆட்கள் கீறுவது பாட்டு இல்லை.

கொழும்புக்கு வருவோம். மச்சாளின் பட்டியலில் இருந்த சிவப்புப் பள்ளிவாசலுக்கு எங்கள் பெயர் சம்மாங்கோட்டுப் பள்ளி. 1909இல் கட்டி முடித்தது, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில். அதை வீதி நடுவே நின்று படம் எடுத்தால் வண்டில் தள்ளி வருகிற நாட்டாமிமார் ஏசுவார்கள், ஏசத்தான் வேண்டும், அது அவர்கள் வேலைத்தலம். அங்கிருந்து கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்துக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பின கோயில், உச்சி வெயிலிலும் உள்ளே காலுக்குக் குளிரும். அவள் பட்டியலில் அது இல்லை.

பட்டியலில் இல்லாத இன்னொன்றுக்குத்தான் நான் அவர்களை இழுத்துக்கொண்டு போனேன். கறுவாத்தோட்டத்து நூதனசாலை. 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம், கண்டி மன்னரின் சிம்மாசனம் இருக்கிறது, பொலன்னறுவையில் தோண்டியெடுத்த நடராசரும் நாயன்மாரும் இருக்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு கல்தான் முக்கியம். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், மேலே இரண்டு டிராகன்கள். 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டு, செங் ஹ என்ற சீனக் கடற்தளபதி கப்பலில் கொண்டுவந்து நாட்டியது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயினார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. மூன்று மொழியிலும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல், ஏறக்குறைய ஒரே அளவு. தேனாவரை என்றால் இன்றைய தெவிநுவர, தெற்கு முனை. அங்கிருந்த பெருங்கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். கல்லோ காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்து, 1911இல்தான் கண்ணில் பட்டது. எத்தனை வண்டில் அதன்மேல் ஓடியிருக்கும்!

இந்த நாட்டில் எங்கள் மொழி எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எங்கே எழுதப்படவில்லை என்று பெயர்ப்பலகை பெயர்ப்பலகையாகப் பார்த்தே வளர்ந்த சனம் நாங்கள். சீனச் சக்கரவர்த்தியின் ஆள் இந்தத் தீவுக்கு ஒரு கல் கொண்டுவர நினைத்தபோது, அதில் தமிழ் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்த முக்கால் மணித்தியாலத்தில் அதைக் கடந்து போனவர்கள் ஏழெட்டுப் பேர், நின்றவர் ஒருவர்.

மச்சாளுடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது, டொரொன்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவன். முதலில் சலித்துக்கொண்டு நின்றான். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், தேய்ந்துபோன வரிகளில் தனக்குத் தெரிந்த எழுத்து ஏதும் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினான். மூடுகிற நேரம் என்று காவலாளி வந்து சிங்களத்தில் சொன்னபோது அவன் ஒரு "ம"வைக் கண்டுபிடித்திருந்தான், அது "ம"தானா என்பதில் எனக்கும் அவனுக்கும் இன்னும் சண்டை.

தாமரைக் கோபுரத்துக்கு ஐந்து மணி என்று போட்டிருந்தது, போக முடியவில்லை. இரவு வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் இருந்து காட்டினேன். ஊதா நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. மச்சாள் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.