பொத்தான் அமுக்குறவர்

எங்கள் ரெக்கார்டு கேட்கும் குரூப்பின் ஞாயிற்றுக்கிழமை கூடுகை வீடியோவைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நன்றாகத்தான் இருக்கிறேன். பிபி மாத்திரையும் போட்டுக்கொண்டேன். என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை, வீடியோவில் எல்லாம் இருக்கிறது. பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: ரெக்கார்டு பதியும் சவுண்ட் எஞ்சினியர்களைப் பற்றிப் பேச அரை மணி நேரம் கேட்டேன். "அண்ணே, சவுண்ட் எஞ்சினியர்னா பொத்தான் அமுக்குறவர்தானே, அவருக்கு எதுக்கு அரை மணி நேரம்?" என்று குரூப்பில் ஒரு தம்பி கேட்டதும் கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் என் நெருங்கிய நண்பர்களும் உண்டு. கேமரா அதைத் தெளிவாகவே பிடித்திருக்கிறது. (கேமராவின் பொத்தானை அமுக்கியது யார் என்று தெரியவில்லை. அவர் பெயரையும் போடவில்லை.)

தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

அன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். ஒரு ரெக்கார்டை அட்டையில் முகம் இருப்பவர் மட்டும் செய்துவிடுவதில்லை. அது பதிவான அறைக்கும், அந்த அறையின் குணம் தெரிந்து மைக் வைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் அரை மணி நேரம் கேட்டேன், ஆறு நிமிடம் கொடுத்தார்கள், அதிலும் இரண்டு நிமிடம் மைக் டெஸ்டிங்கில் போனது.

அன்று கூடுகையில் ஓடியது 'கைண்ட் ஆஃப் புளூ' என்ற ஜாஸ் ஆல்பம். அதன் நாயகன், டிரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸ் மேதை என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆனால் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் அது பதிவான இடத்தைப் பற்றி அன்று ஒருவர்கூடப் பேசவில்லை. நியூயார்க்கில் கிழக்கு 30ஆம் தெருவில் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி வைத்திருந்த ஸ்டூடியோ. அதற்கு முன்பு அது ஒரு பழைய தேவாலயம். உயரமான கூரை, மரத்தரை. அதன் ஒலி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக கொலம்பியாவின் தயாரிப்பாளர் மிட்ச் மில்லர், அங்கே எதையும் மாற்றாதீர்கள், பெயிண்ட்கூட அடிக்காதீர்கள் என்று உத்தரவு போட்டிருந்தார். சுவரில் சுண்ணாம்பு அடித்தால் சத்தம் மாறிவிடும் என்று பயந்த மனிதர்கள் அவர்கள்.

அதே அறையில், அதே வருஷம், சில மாதங்களுக்குள் டேவ் புரூபெக்கின் ஜாஸ் ஆல்பம் 'டைம் அவுட்' பதிவானது. சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்' பதிவானது. பியானோ மேதை கிளென் கூல்ட் பாக்கின் 'கோல்ட்பெர்க்' வேரியேஷன்ஸை 1955இல் அங்கேதான் வாசித்தார். 1981இல் மறுபடி வாசிக்க நினைத்தபோதும் அங்கேதான் போனார். இத்தனை பேரும் தற்செயலாக ஒரே கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டார்களா? மழைக்கு ஒதுங்கினார்களா?

அடுத்து நம் தம்பியின் இன்னொரு முத்து: "எல்லாம் ஒரே டேக்ண்ணே, நாலு மைக் வச்சாப் போதும்." ஒரே டேக் இல்லை, தம்பி. பெரும்பாலும், முழுசாக வாசித்து முடித்த முதல் டேக். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நடுவில் நின்று போனவை இருக்கின்றன, அந்த டேப்புகள் பிறகு வெளியே வந்தும் விட்டன. கேட்டுப் பாருங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தயாரிப்பாளர் இர்விங் டவுன்சென்ட் நடுவில் நிறுத்துகிறார். இசை இவ்வளவு மெதுவாக இருக்கும்போது சின்னச் சத்தம்கூடக் கேட்கிறது, ஸ்னேர் டிரம் தானாக அதிர்வதும் கேட்கிறது, கவனியுங்கள் என்கிறார். மைல்ஸ், அதுவும் இசையில் சேர்ந்ததுதான் என்கிற மாதிரி பதில் சொல்கிறார். மைல்ஸ் சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜிம்மி காப் கை வைக்காமலே அவருடைய டிரம் அதிர்வதைக் கேட்க அந்தப் பக்கம் காது வேண்டுமா இல்லையா? அன்று மெஷினுக்குப் பின்னால் இருந்த எஞ்சினியர் ஃபிரெட் பிளாட். பெயர் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்க நினைத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

சரி, பொத்தானுக்கே வருவோம். மார்ச் 2ஆம் தேதி ஓடிய டேப் மெஷின் ஒன்று கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது. மெதுவாகச் சுற்றிய மெஷினில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். ஆல்பத்தின் முதல் பக்கத்துப் பாடல்கள் மூன்றும் ஏறின சுருதியிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் உலகமெங்கும் விற்றன. ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய எத்தனையோ பேர் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். 1992இல்தான் திருத்தினார்கள்.

"பாருங்க, எஞ்சினியர் கோட்டை விட்டுட்டார்" என்று இதற்கும் ஒருவர் சிரிப்பார், தெரியும். சிரித்து முடித்ததும் சொல்லுங்கள், எதை வைத்துத் திருத்தினார்கள்? அன்று பக்கத்தில் இன்னொரு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று ஓட்டிய டேப். அது சரியான வேகத்தில் இருந்தது. யாரோ ஒருவர் பொத்தானை இரண்டு தடவை அமுக்கி வைத்ததால்தான் இன்று நீங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஸோ வாட்'டை அதன் அசல் சுருதியில் கேட்கிறீர்கள்.

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம் வரும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

கோடம்பாக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் டேப் ஓட்டும் பையனாக வேலை பார்த்தவன் நான். ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து ஹெட் துடைப்பது, ஸ்பூல் மாற்றுவது, டீ சொல்வது. என் சீனியர் வாய் திறந்து பேசினதே குறைவு. புல்லாங்குழல் வாசிக்கிறவர் எங்கே உட்கார வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார். கோட்டை விட்டு ஒரு அடி நகர்ந்தால் போதும், கண்ணாடிக்குள்ளிருந்து கை மட்டும் அசையும். எப்போதும் இரண்டு டேப் ஓட்டச் சொல்வார். "எதுக்குய்யா ரெண்டு டேப்பு, காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று தயாரிப்பாளர் தரப்பு ஆள் சத்தம் போடுவார். இவர் தலையாட்டிவிட்டு இரண்டாவது மெஷினையும் போடச் சொல்லி எனக்குக் கண் காட்டுவார். ஒரு ராத்திரி முதல் டேப் சிக்கிக் கசங்கியது. வயலின் கோஷ்டி முழுக்க வீட்டுக்குப் போயாகிவிட்டது. இரண்டாவது டேப்தான் பாட்டு. நீங்கள் எல்லோரும் முணுமுணுத்த பாட்டு, என்ன பாட்டு என்று சொல்ல மாட்டேன். கேசட் அட்டையில் பைனான்ஸியரின் மைத்துனருக்கு நன்றி இருந்தது. என் சீனியர் பெயர் இல்லை.

அந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. உள்ளே போய்க் கை தட்டிப் பார்த்தேன். எதிரொலி பரவாயில்லை. சேல்ஸ்மேன்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

நியூயார்க்கிலும் இதே கதைதான், அதில் நமக்கு ஒரு ஆறுதல். 30ஆம் தெரு ஸ்டூடியோவை மூடி, கட்டடத்தை இடித்து, குடியிருப்பு கட்டிவிட்டார்கள்.

இனி ராக் ரசிகர்கள். "ஜாஸுக்குச் சரிண்ணே, ராக்குக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போதும்" என்று கமெண்ட் போட்ட அன்பருக்கு: லண்டனில் ஆபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவுக்குப் போவோம். 1966இல் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு எஞ்சினியராக உட்கார்ந்த ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. பேஸ் டிரம்முக்கு மைக் இவ்வளவு கிட்டே போகக் கூடாது என்று அந்த ஸ்டூடியோவில் விதியே இருந்தது. பையன் மீறினான். டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கைக் கிட்டே நகர்த்தினான். ரிங்கோவின் டிரம் நெஞ்சில் வந்து இடிப்பதற்கு ரிங்கோ மட்டுமா காரணம்? ஜான் லெனனுக்கு ஒரே வரியைத் திரும்பப் பாடி இரட்டைக் குரல் பதிவது அலுப்பு. அதற்காக கென் டவுன்சென்ட் என்ற டெக்னிக்கல் எஞ்சினியர் டேப் மெஷின்களை வைத்தே குரலை இரட்டிக்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அவர்களுடைய அடுத்த ஆல்பம் 'சார்ஜன்ட் பெப்பர்' முழுக்க நான்கு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) மெஷினில் செய்தது. நான்கும் நிறைந்தால், கலந்து இன்னொரு மெஷினுக்கு மாற்றுவார்கள். கலந்ததைப் பிரிக்க முடியாது. இன்று உங்கள் லேப்டாப்பில் 'அன்டூ' இருக்கிறது. அவர்களிடம் காது இருந்தது.

லேப்டாப் என்றதும், ஸ்டூடியோவே வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக 'நெப்ராஸ்கா' ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். ஆமாம், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அதை வீட்டில் நான்கு டிராக் கேசட் மெஷினில் பாடினார், 1982இல் வந்தது, அற்புதமான ஆல்பம். ஆனால் அந்தக் கேசட்டிலிருந்து எல்பி வெட்ட எஞ்சினியர்கள் பட்ட பாடு தனிக் கதை. அதைப் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்க மாட்டேன்.

'மேட்டுக்குடி ரசனை' என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது. டீ வாங்கிக் கொடுத்த பையன் மேட்டுக்குடியா?

உண்மையில் என்னை அறுப்பது அறையோ மைக்கோ இல்லை. பெயர்தான். கல்யாண வீட்டில் சாம்பார் நன்றாக இருந்தால் சமையல் யாரு என்று விசாரித்து நம்பர் வாங்கிக்கொண்டு போகிறோம். பாட்டுக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை? புளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு கம்பெனி அந்தக் காலத்திலேயே ஆல்பத்தின் பின்னட்டையில் ரெக்கார்டிங் ரூடி வான் கெல்டர் என்று அச்சடித்தது. அவர் பகலில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் வேலை, மற்ற நேரத்தில் நியூஜெர்சியில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ரெக்கார்டிங் என்று ஆரம்பித்தவர். கொடுக்க மனசிருந்தால் கொடுக்கலாம் என்பதற்கு இது அத்தாட்சி. டெட்ராய்ட்டில் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்தவர்கள் பலரும் இரவில் ஜாஸ் கிளப்பில் வாசிப்பவர்கள். எத்தனை ஹிட், எத்தனை வருஷம்! 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும் வரைக்கும் அவர்கள் பெயரை அட்டையில் போட அந்தக் கம்பெனிக்கு மனசு வரவில்லை.

கிளேர் டோரி என்ற பாடகியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை சொல்ல விடவில்லை. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிறு. அதே ஆபி ரோட். ராக் குழு பிங்க் ஃபுளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் வேலை. எஞ்சினியர் ஆலன் பார்சன்ஸ் பரிந்துரைத்த அந்தப் பெண் வருகிறார். வார்த்தை கிடையாது, மெட்டு கிடையாது, பியானோ மட்டும் ஓடுகிறது. தொண்டையையே வாத்தியமாக்கிப் பாடுகிறார். கூலி 30 பவுண்டு. ரெக்கார்டு கடையில் ஆல்பத்தைப் பார்த்தபோதுதான் தன் குரல் அதில் இருப்பது அவருக்கே தெரிந்தது. அந்த மெட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004இல் வழக்குப் போட்டார், 2005இல் சமரசம் ஆனது. இப்போது இசையமைத்தவர் பெயரில் அந்தக் குழுவின் ரிக் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. முப்பது வருஷம் கழித்து! "தேங்க்ஸ் சொன்னாப் போதாதாண்ணே?" என்று கேட்டவர்களே, அந்தத் தேங்க்ஸை வைத்து அவர் என்ன செய்வார்?

என் சீனியர் வழக்கெல்லாம் போடவில்லை. போட்டிருந்தால் யார் மேல் போடுவது என்றும் தெரியாது. கடைசிக் காலத்தில் காது சரியாகக் கேட்காது, வீட்டில் டிவியை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் போனால் ஒலியைக் குறைத்துவிட்டு, "இவன் வாய்ஸை ரொம்ப முன்னாடி வச்சுட்டான்டா" என்பார். காது போன மனுஷன்.

பூமர் என்று எழுத வருகிறவர்கள் எழுதுங்கள், பிளாக் செய்ய எனக்கும் பொத்தான் இருக்கிறது.

குரூப் அட்மினுக்கு: அடுத்த கூடுகைக்கு பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' என்று போஸ்டர் பார்த்தேன். அந்தக் குழுவின் பிரையன் வில்சன் முகம் பெரிசாக இருக்கிறது, நல்லது. ஹாலிவுட் வெஸ்டர்ன் ஸ்டூடியோவில் அதன் பெரும்பகுதியைப் பதிவு செய்த சக் பிரிட்ஸ், பேஸ் கிட்டார் வாசித்த கரோல் கே, டிரம்ஸ் வாசித்த ஹால் பிளேன், இந்த மூன்று பெயரையாவது கீழே சின்ன எழுத்தில் போடுங்கள். போட்டால் முதல் வரிசையில் வந்து உட்காருவேன், வாயே திறக்க மாட்டேன். முடியாது என்றால் என் டர்ன்டேபிளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஊசி புதுசு, ஊசி தாங்கும் கையைப் பூட்டிவிட்டு மூடி போட்டு அனுப்பவும். ஆட்டோ காசு நானே கொடுத்துவிடுகிறேன்.