பெட்டைக்குட்டி வேண்டாம் என்கிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பூனைக்குட்டி கேட்டு வருகிற மெசேஜ்கள் அநேகமாக ஒரே வரியில்தான் வந்து நிற்கும். "கடுவன் எண்டால் மட்டும் சொல்லுங்கோ." பெட்டை வேண்டாமாம். வருஷம் முழுக்கக் குட்டி போட்டுக்கொண்டே இருக்குமாம், அதுகளை ஆர் பார்க்கிறது என்று கேள்வி. கேள்வி நியாயமானதுதான். அதற்கு நாங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற பதில்தான் கேவலமானது. குட்டிகளைச் சாக்குபோன்ற உரைப்பையில் போட்டுக் கட்டி, இருட்டின பிறகு சந்தைக்குப் பின்னாலோ கோயில் வீதியிலோ மீன் இறங்குகிற கரையிலோ விட்டுவிட்டு வருவது. மீன் உள்ள இடத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று மனதுக்கு ஒரு சமாதானம் வேறு. இப்போதுதான் கண் திறந்த குட்டி சூடை மீனைக் கடித்துத் தின்னுமா?

என்னுடைய கருத்து நேர் எதிர். பூனை வளர்க்க ஆசையா, பெட்டைக்குட்டியாகவே பார்த்து எடுங்கள். ஆனால் குட்டியைத் தேடுவதற்கு முதல் டொக்டரைத் தேடுங்கள்.

ஏன் டொக்டர் முதலில் என்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் பூனை கிடைப்பது சுலபம், பூனைக்கு வைத்தியம் கிடைப்பதுதான் கஷ்டம். இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் கொடுக்கிற பீடம் பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே படித்து முடித்து அரச நியமனத்தில் வடக்குக்கு வருகிறவருக்கு மாடும் ஆடும் கோழியுமே பெரிய வேலை. சினைப்படுத்தல், தடுப்பூசி, கன்று போட முடியாமல் கிடக்கிற பசு என்று நாள் போய்விடும். சனம் "மாட்டு டொக்டர்" என்று சொல்வதும் அதனால்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டின் வருமானமே அந்தப் பசுவாக இருக்கும்போது அவர் பசுவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பூனைக்காரர் தனியார் கிளினிக்கையோ, பின்னேரம் வீட்டில் பார்க்கிற டொக்டரையோ தேடிப் பிடிக்க வேண்டியதுதான். ஊசி போடுவார்களா, மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை ஒப்பரேஷன் செய்யும் வசதி உண்டா, ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் பதில் சொல்வார்களா என்று இப்போதே கேட்டு நம்பரைச் சேமித்து வையுங்கள். தீவுப் பகுதி ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். நெடுந்தீவில் இருக்கிறவர் நோய்ப்பட்ட பூனையைத் தூக்கிக்கொண்டு குறிகாட்டுவானுக்குப் படகு ஏறுகிற நேரத்தில் கூகிளில் டொக்டர் தேட முடியாது.

இனி அந்தக் கடுவன் விஷயம். கடுவன் என்றால் செலவில்லை என்று யார் சொன்னது? ஒப்பரேஷன் செய்யாத கடுவன் வீட்டுச் சுவர், கதவுச் சீலை, சைக்கிள் ரயர் என்று கண்ட இடமெல்லாம் மூத்திரம் பீச்சும். நாலைந்து நாள் காணாமல் போகும். கன்னம் வீங்கி, சீழ் வைத்து, ஒரு கண் மூடித் திரும்பி வரும். அதைவிடப் பயங்கரம் மூத்திரம் அடைப்பது. கடுவனுக்கு அந்தக் குழாய் ஒடுக்கம். திரும்பத் திரும்ப மண்ணைக் கிளறிக் குந்தும், ஒரு துளியும் வராது, கத்தும், பின்னால் நக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் பெரியவர்கள் வயிறு கட்டிப்போச்சு என்று விளக்கெண்ணெய் பருக்குவார்கள். ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். இது அன்றைக்கே டொக்டரிடம் ஓட வேண்டிய வருத்தம்.

பெட்டைக்கு ஒப்பரேஷன் ஒரு முறை. அத்தோடு சரி. அதைச் செய்யாவிட்டால்தான் நீங்கள் பயப்படுகிற கணக்கெல்லாம் வரும். நாலைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடிய சீவன் அது. வயிற்றில் சுமப்பது ஒன்பது கிழமை. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கும் தயாராகிவிடும். "ஒருக்காவாவது குட்டி போட்டாப் பிறகு செய்தால்தான் நல்லம்" என்று ஒரு கதை ஊரெல்லாம் உலாவுகிறது. அதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. முதல் வேட்கைக்கு முன்பே செய்துவிட்டால் பின்னால் முலையில் புற்று வருகிற வாய்ப்பும் நன்றாகக் குறையும். பாவம், தாய்மை அனுபவிக்க வேண்டாமா என்று கேட்கிறவர்கள் அந்தக் குட்டிகளில் எத்தனையைத் தாங்கள் வளர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோக விலை கூடின பூனைக்கூடு தேவையில்லை. எங்கள் வீட்டில் பழப் பிளாஸ்ரிக் கூடை இரண்டை வாய்க்கு வாய் வைத்து நாலு பக்கமும் நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவோம். உள்ளே அது வழக்கமாகப் படுக்கிற பழைய சாரம். அந்த மணம் இருந்தால் பாதிக் கத்தல் குறையும். உரைப்பையில் மட்டும் போடாதீர்கள். மூச்சு முட்டும், அதோடு ஓட்டோவில் பை கிழிந்தால் பூனையைப் பிறகு மறந்துவிட வேண்டியதுதான். முதல் நாள் இரவு எத்தனை மணியோடு சாப்பாட்டை நிறுத்துவது என்று டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குட்டியைக் கனநேரம் பட்டினி போடவும் கூடாது. வீட்டுக்கு வந்தபின் தையலை நக்காமல் இருக்கக் கைக்குழந்தையின் பழைய சட்டை ஒன்றை மாட்டி, வால் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டால் போதும். ஒரு நாள் முழுக்க நடக்கத் தெரியாததுபோல் பின்னுக்கே போய்க்கொண்டு நடிக்கும். நம்பாதீர்கள்.

கடுவனா பெட்டையா என்பதே பலருக்குத் தெரியாது என்பது இதில் பெரிய பகிடி. "ராசா" என்று பெயர் வைத்து வளர்த்தது அலுமாரிக்குள் நாலு குட்டி போட்ட கதை எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. வாலைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு துவாரமும் கிட்டக் கிட்ட இருந்தால் பெட்டை, இடைவெளி கூட இருந்தால் கடுவன். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்று நிறமும் கலந்திருந்தால் பார்க்கவே தேவையில்லை, ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான்.

காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். பேர்சியன் வேண்டும், மடிந்த காது வேண்டும், பஞ்சுபோல் வால் வேண்டும். பல பத்தாயிரம் கொடுத்துக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் காட்போட் பெட்டிக்குள் வருகிறது. வாங்குவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் நாங்களே மின்விசிறிக்குக் கீழே உருண்டுகொண்டிருக்கிற ஊரில், மூக்குச் சப்பையாகி மூச்சு விடவே சிரமப்படுகிற ஒரு சாதியைக் கம்பளிச் சட்டையோடு கொண்டுவந்து வைக்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும். அந்தச் சப்பை முகத்தால் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், தினமும் துடைக்க வேண்டும். தினமும் சீவாவிட்டால் மயிர் சடை பிடித்துத் தோல் புண்ணாகும். பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருகிற நோயும் இந்தச் சாதியில் உண்டு. மடிந்த காது ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் இதைவிட மோசம். காதை மடிக்கிற அதே குறைபாடு உடம்பின் மற்றக் குருத்தெலும்புகளிலும் இருப்பதால் மூட்டு நோவோடு வாழ்கிற பூனை அது. படத்தில் அமைதியாகக் குந்தியிருக்கிறது என்று இதயம் போடுகிறோம்.

அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் தாய்ப்பூனையை நேரில் பாருங்கள். விற்கிறவர் தாயைக் காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைப் பிரிக்க விடாதீர்கள். ஊசி போட்ட புத்தகத்தில் திகதியும் டொக்டரின் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். "எல்லாம் போட்டாச்சு தம்பி" என்பது ஊசி அல்ல. எனக்குக் கோபம் வருவது இந்தக் கட்டத்தில்தான். பூனைக்குப் பேரம் பேசாமல் காசு கொடுத்த அதே ஆள், கிளினிக்கில் தடுப்பூசி விலையைக் கேட்டுவிட்டு "அடுத்த மாதம் பார்ப்பம்" என்று திரும்பிப் போவார்.

அந்த அடுத்த மாதத்தில் என்ன நடக்கும்? குட்டி திடீரென்று சாப்பாட்டை விடும், மஞ்சளாகச் சத்தி எடுக்கும், தண்ணீர்ப் பாத்திரத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குடிக்காமலே கிடக்கும். பூனைப் பார்வோ என்று சொல்கிற பன்லூக்கோபீனியா அது. ஊசி போடாத குட்டிகளை வரிசையாக அள்ளிக்கொண்டு போகும். அதன் கிருமி ஒரு வருஷம்கூட வீட்டுக்குள் உயிரோடு இருக்கும். ஒன்று செத்து, மனம் கேட்காமல் அடுத்த மாதமே இன்னொன்றைக் கொண்டுவந்து, அதுவும் செத்து, "எங்கட வளவுக்குப் பூனை ராசியில்லை" என்று முடிவு கட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். ராசியில் ஒரு குறையுமில்லை. படுத்த சாக்கை எரித்து, குளோரின் கரைத்து நிலத்தைக் கழுவி, அடுத்த குட்டிக்கு ஊசி முடித்த பிறகு கொண்டுவந்திருந்தால் அது இன்றைக்கு மதிலில் நடந்துகொண்டிருக்கும். ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா நாலு மாதம் வரைக்கும். விசர் (ரேபிஸ்) ஊசி மூன்று மாதத்தில். நாய்க்கு விசர் ஊசி போட ஆட்கள் பகுதிக்கு வரும்போது பூனைக்கும் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாத பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காமல் சோப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரச ஆஸ்பத்திரியில் அந்த ஊசிக்குக் காசில்லை. விசர் நோய் குணம் காட்டிய பிறகு காப்பாற்ற வழியும் இல்லை.

கை வைத்தியம் பற்றி ஒன்றே ஒன்று. காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். அரைக் குளிசை போதும் பூனையைக் கொல்ல, அதன் ஈரலுக்கு அந்த மருந்தை உடைக்கத் தெரியாது. நாய்க்கு உண்ணி போகப் பூசுகிற பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான்.

மகள் பிள்ளைத்தாய்ச்சி என்றவுடன் பூனையைக் கொண்டுபோய் விடுகிற வழக்கமும் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியின் பயம். பயத்தில் உண்மை உண்டு, ஆனால் பூனைப் பீ தொற்றக்கூடிய நிலைக்கு வர ஒரு நாளாவது வேண்டும். தினமும் மண்ணை மாற்றி, அந்த வேலையை மருமகன் செய்தால் முடிந்தது. அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும்கூட அதே கிருமியைக் கொண்டுவரும். அவற்றை யாரும் உரைப்பையில் கட்டிக் கரையில் விடுவதில்லை.

மீட்பு என்று போனால் நாய்களுக்காவது இயக்கச்சியில் சிவபூமி சரணாலயம் இருக்கிறது. பூனைக்கு எங்கள் பக்கத்தில் மீட்பு என்பது பெரும்பாலும் யாரோ ஒரு வீட்டுக் குசினியும் ஒரு கம்பஸ் பிள்ளையின் போனும்தான். அந்தப் பிள்ளை "வீட்டில் நாய் இருக்கா, கிணறு கட்டியிருக்கா, ஒப்பரேஷன் செய்வீங்களா" என்று கேட்டால் உடனே கோபம். "ஒரு பூனைக்குட்டிக்கு இவ்வளவு விசாரணையா?" இதே ஆள் கனடா போய் ஒரு காப்பகத்தில் பூனை எடுக்கப் போனால் படிவம் நிரப்புவார், கட்டணமும் கட்டுவார். வெளிநாடு போகிறவர்கள் என்றதும் இதையும் சொல்லவேண்டும். விசா வந்ததும் வீட்டைப் பூட்டித் திறப்பைச் சித்தப்பாவிடம் கொடுக்கிறீர்கள், தென்னைக்குத் தண்ணி விட ஆளும் வைக்கிறீர்கள். பூனையை மட்டும் "பக்கத்து வீட்டார் பார்ப்பினம்" என்று விட்டுவிடுகிறீர்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்லவுமில்லை. விண்ணப்பம் போடுகிற அன்றே அதற்கும் ஒரு வீடு பார்க்கத் தொடங்குங்கள். வளர்ந்த பூனைக்கு ஆள் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

பூனை வளர்க்கிற வீடு என்று தெரிந்துகொண்டு விடியப்புறம் கேற்றடியில் பெட்டி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிக்குள் ஒரு தாளில் உங்கள் நம்பரையும், ஒரு ஒப்பரேஷனுக்கான காசையும் சேர்த்து வைத்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று பெட்டைக்குட்டிகள் இருக்கின்றன. இரண்டு வரிச்சாம்பல், ஒன்று மூன்று நிறம். தாயிடம் பால் குடித்து வளர்ந்தவை, மீனும் சோறும் சாப்பிடும், மண்ணில் போகப் பழகிவிட்டன. முதல் ஊசி போட்டாயிற்று, புத்தகம் தருவேன். காசு வேண்டாம். ஒப்பரேஷன் வயது வரும்போது போன் பண்ணுவேன், எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குள் என்றால் நானே கொண்டுவந்து தருகிறேன். விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் எழுதும்போது எந்த டொக்டரிடம் காட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.